வெறுக்கை என்றால் பணம்

1997-இல் மதுரையில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புக் என்று எது வேண்டுமானாலும் வரும். சம்பளம் கம்மி, டீ இலவசம். தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழை வெளியே போய்விடாது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு தலைமையாசிரியரின் பணிநிறைவு விழா மலர் வேலைக்கு வந்தது. வழக்கம்போல நாலு வாழ்த்துரை, பழைய மாணவர்கள் கொடுத்த விளம்பரங்கள், நடுப்பக்கத்தில் ஒரு வாழ்த்துப்பா. அதே பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அகவல் என்ற பாவகையில் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி இப்படித் தொடங்கியது: ‘மாணவர் வெறுக்கை’.

டைப் செய்த அக்காதான் முதலில் பார்த்தார். “இங்க பாரேன், வாழ்த்துப்பாவுல போயி பிள்ளைங்க எல்லாம் வெறுக்கிறாங்கன்னு எழுதியிருக்காரு. ரிட்டயர் ஆகுற அன்னிக்காவது நல்லதா நாலு வார்த்தை சொல்லக் கூடாதா?” இருவரும் சிரித்தோம். கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். குண்டு குண்டான, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. வெறுக்கை என்றேதான் இருந்தது. வயதானவர், கை தவறியிருக்கும் என்று நானே முடிவுகட்டி, சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் ‘நம்பிக்கை’ என்று எழுதினேன். மாணவர் நம்பிக்கை. எவ்வளவு பொருத்தம்! அன்று சாயங்காலம்வரை அந்தத் திருத்தத்தை நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மலர் 300 பிரதி அச்சாகிப் போனது. மறுநாள் காலை பெரியவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மலரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. “இதைத் திருத்தினது யாரும்மா?” என்றார். நான்தான் என்றேன். “அந்தணர் வெறுக்கைன்னு கேள்விப்பட்டிருக்கியா?” தலையை ஆட்டினேன், இல்லையென்று. “திருமுருகாற்றுப்படை உங்களுக்குப் பாடத்துல இருந்திருக்குமே?” இருந்தது. பரீட்சைக்கு வரும் பகுதியைத் தாண்டி நான் போனதில்லை.

விழாவுக்கு ஒரு நாள்தான் பாக்கி. திரும்ப அச்சடிக்க முதலாளி ஒப்பவில்லை. ‘மாணவர் வெறுக்கை’ என்ற இரண்டு சொல்லை மட்டும் ஒரே தாளில் வரிவரியாக அடித்து, கத்தரித்து, ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டுவதென்று முடிவானது. அக்கா மைதா பசை காய்ச்சினார். நான், அக்கா, பெரியவர் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து 300 சீட்டுகளை ஒட்டினோம். விரல் நுனியால் பசையைத் தொட்டு, சீட்டைப் பழைய எழுத்தின்மேல் நேராக வைத்து, மேலே ஒரு தாளைப் போட்டு நீவ வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் வரி கோணிக்கொள்ளும். என் வாழ்க்கையில் ஒரு சொல்லை அவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

“பொருள் மாறினதுகூடப் பரவாயில்லைம்மா. மாணவர் கூவிளம், வெறுக்கை புளிமா, சரளமாப் போயிக்கிட்டிருந்த இடத்துல நம்பிக்கைன்னு ஒரு காய்ச்சீரைத் தூக்கிப் போட்டுட்டியே. வாய்விட்டுப் படிச்சுப் பாரு, இடறுது” என்றார் பெரியவர். கூவிளமும் புளிமாவும் இரண்டு அசை, அதாவது இரண்டு ஒலித்துண்டு, கொண்ட சீர்கள். காய்ச்சீருக்கு மூன்று. அகவலில் காய்ச்சீர் வரவே கூடாது என்று விதி இல்லை. அது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

சரி, வெறுக்கை என்றால் என்ன? செல்வம். அதுவும் மிகுந்த செல்வம், செறிந்து கிடக்கிற செல்வம். வெறுத்தல் என்ற வினைக்கு மிகுதல், செறிதல் என்று ஒரு பொருள் உண்டு. தொல்காப்பியத்தின் உரியியலில் ‘விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே’ என்று ஒரு நூற்பா. வெறுப்பு என்றால் செறிவாம்! இந்த ஒரு வரியை இன்றைய தமிழில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சொல்லின் கட்டுமானம் எளிது. இரு என்பதிலிருந்து இருக்கை, படு என்பதிலிருந்து படுக்கை, வெறு என்பதிலிருந்து வெறுக்கை. கடைசியில் உள்ள கை விகுதி. நம் உடம்பில் இருக்கிற கை இல்லை. வெறுங்கையில் இருப்பதுதான் உடம்புக் கை. ஒன்று நிறைந்து வழியும் செல்வம், இன்னொன்று காலணா இல்லாத கை. நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு க், ஒரு ங். புரூப் பார்க்கிறவர்கள் பாவம் என்று நான் சொன்னால் இப்போது நம்புவீர்கள்.

பெரியவர் அன்று சொன்ன உதாரணங்களில் என்னை உட்கார வைத்தது புறநானூற்றின் 53-ஆம் பாட்டு. பொருந்தில் இளங்கீரனார் பாடியது. மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன், ‘கபிலன் இன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்று பெருமூச்சு விட்டிருக்கிறான். உயிரோடு எதிரில் நிற்கிற புலவனிடம், போய்ச் சேர்ந்த புலவனைப் புகழ்வது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் இளங்கீரனார் கோபித்துக்கொள்ளவில்லை. தானும் சேர்ந்து கபிலரைப் புகழ்கிறார்: ‘வெறுத்த கேள்வி விளங்குபுகழ்க் கபிலன்’. செறிந்த கேள்வியறிவு உடையவன், விளங்கும் புகழ் உடையவன். இதையே இன்றைய காதால் கேட்டால், கேள்வி கேட்டாலே கபிலருக்கு எரிச்சல் வரும்போல என்று தோன்றும். வகுப்பில் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் ஆசிரியர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அர்த்தம் இன்னும் பொருந்தும். அது வேறு கதை.

அகநானூறு 33-இல் பொருள் தேடிப் போகிற தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். ‘வினைநன் றாதல் வெறுப்பக் காட்டி’ என்று தொடங்குகிறது. போகிற காரியம் நல்லது என்று மிகுதியாக எடுத்துக் காட்டி, வீட்டில் இருக்கிறவளை விட்டுவிட்டு வர வைத்தாயே நெஞ்சே என்று குறைப்படுகிறான். இங்கே வெறுப்ப என்றால் நிறைய, போதும் போதும் என்கிற அளவுக்கு. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவனுக்கு அவன் மனசே சொல்லும் சமாதானங்கள் மாதிரி.

செல்வத்துக்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? திரு, பொருள், ஆக்கம், உடைமை என்று எத்தனையோ இருக்கின்றன. ‘மாடல்ல மற்றை யவை’ என்று 400-ஆம் குறளில் வள்ளுவர் சொல்கிற மாடும் செல்வம்தான். இத்தனை இருக்க, வெறுக்கை என்ற சொல்லுக்குத் தனியாக என்ன வேலை என்று அன்று நான் கேட்கவில்லை. பல வருடம் கழித்துத்தான் கேட்டுப் பார்த்தேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் முருகனை வரிசையாக விளித்துக்கொண்டு போகிறார்:

‘அந்தணர் வெறுக்கை அறிந்தோர் சொன்மலை
மங்கையர் கணவ மைந்தர் ஏறே
வேல்கெழு தடக்கைச் சால்பெருஞ் செல்வ’

மூன்றே வரியில் வெறுக்கையும் வருகிறது, செல்வமும் வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றால் நக்கீரர் எதற்கு இரண்டு முறை சொல்ல வேண்டும்? கவனித்துப் பாருங்கள். செல்வ என்னும்போது முருகன் செல்வம் உடையவன். வெறுக்கை என்னும்போது அவனே செல்வம், ஆனால் அந்தணருடைய செல்வம். முன்னது அவனிடம் இருப்பது, பின்னது அவன் இன்னொருவருக்கு என்னவாக இருக்கிறான் என்பது.

ஒரு பாட்டை வைத்து இப்படிச் சொல்வது அவசரமாக இருக்கலாம். பதிற்றுப்பத்தின் 38-ஆம் பாட்டுக்கு வாருங்கள். களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்ற சேர மன்னனைக் காப்பியாற்றுக் காப்பியனார் பாடுகிறார். முதல் வரியே ‘உலகத்தோரே பலர்மற் செல்வர்’. உலகத்தில் செல்வர் பலர் இருக்கிறார்கள். அப்புறம் அவனை விளிக்கும்போது ‘பரிசிலர் வெறுக்கை பாணர் நாளவை வாணுதல் கணவ மள்ளர் ஏறே’ என்கிறார். செல்வர் பலர், சரி. ஆனால் நீ பரிசிலரின், அதாவது பரிசு நாடி வருகிறவர்களின், வெறுக்கை. பாட்டின் எடையே இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் தொங்குகிறது என்பது என் வாசிப்பு. ‘மங்கையர் கணவ மைந்தர் ஏறே’ என்பதும் ‘வாணுதல் கணவ மள்ளர் ஏறே’ என்பதும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். கடவுளையும் அரசனையும் விளிக்கப் புலவர்களிடம் ஒரு ஆயத்த வரிசை இருந்திருக்கிறது, அதில் வெறுக்கைக்கு நிலையான ஓர் இடமும் இருந்திருக்கிறது.

அதே பதிற்றுப்பத்தின் 65-ஆம் பாட்டில் கபிலரும், வெறுத்த கேள்வி உடைய நம் கபிலர்தான், ‘பாணர் புரவல பரிசிலர் வெறுக்கை’ என்று பாடுகிறார். பாடப்பட்டவன் பெயரைக் கேளுங்கள்: செல்வக் கடுங்கோ வாழியாதன். பெயரிலேயே செல்வத்தை வைத்துக்கொண்டிருக்கிறவனைச் செல்வ என்று அழைத்து என்ன ஆகப்போகிறது!

அந்தணர் வெறுக்கை, பரிசிலர் வெறுக்கை. முன்னால் ஓர் ஆறாம் வேற்றுமை மறைந்து நிற்கிறது. யாருடைய வெறுக்கை என்பதுதான் கேள்வி. 761-ஆம் குறளில்கூட ‘வெல்படை வேந்தன் வெறுக்கையுள் எல்லாம் தலை’ என்று வருகிறது. வேந்தனுடைய செல்வங்களில் எல்லாம் தலையானது காசு இல்லை, அஞ்சாமல் நிற்கிற ஆட்கள். மனிதர்களைச் செல்வமாக எண்ணும்போது இந்தச் சொல் இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எல்லா இடத்திலும் இதே கணக்கு செல்லும் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் ‘மாணவர் வெறுக்கை’ என்று அந்தப் பெரியவர் எழுதியபோது இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார். தலைமையாசிரியர் பணக்காரர் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு வீட்டுக்கடன் இருந்ததாகத்தான் பேச்சு. பிள்ளைகளுக்கு இருந்த சொத்து அவர் என்றார். நான் அதை நம்பிக்கை என்று சுருக்கிவிட்டேன்.

வள்ளுவர் வெறுக்கையை மூன்று இடத்தில் கையாள்கிறார். படை ஒன்று. மற்ற இரண்டிலும் அது பணத்தைவிட்டே வெளியே போய்விடுகிறது. ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கைஅஃ தில்லார் மரம்மக்க ளாதலே வேறு’ என்பது 600. ‘ஒளிஒருவற்கு உள்ள வெறுக்கை இளிஒருவற்கு அஃதிறந்து வாழ்தும் எனல்’ என்பது 971. பரிமேலழகர் முதலாவதற்கு ஊக்க மிகுதி என்று உரை சொல்கிறார். உள்ளத்தில் இருக்கிற நிறைவு. அது இல்லாதவர்கள் மரங்கள்தான், உருவம் மட்டும் மனித உருவம் என்கிறார் வள்ளுவர். மனிதரைத் திட்டினால் இப்படித் திட்ட வேண்டும்.

என் அக்கா மகன் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு குறள் போட்டிக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ஊக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வந்ததும் நிறுத்திவிட்டான். “சித்தி, மனசுல வெறுப்பு இருந்தாத்தான் பலமா?” என்றான். நான் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப என்னை வெறுக்கிறேன்னு சொன்னா, நான் நிறைய இருக்கேன்னு அர்த்தமா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் அம்மா உள்ளேயிருந்து, “ஆமா, ரொம்பவே நிறைய இருக்க” என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. நிறைய என்பதும் பிடிக்கவில்லை என்பதும் எப்படி ஒரே வேரில் வந்து நிற்கும்? எனக்குத் தெரிந்த விளக்கம் அடுப்படியில் இருக்கிறது. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் கரும்பைக் கண்டால் தாடை வலிக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் அதிரசத்தை யாரும் சீண்டுவதில்லை. திகட்டுகிறது என்கிறோம், தெவிட்டுகிறது என்கிறோம், வெறுத்துப் போச்சு என்றும் சொல்கிறோம். நிறைந்தது திகட்டும், திகட்டினது வெறுக்கும். இது என் ஊகம்தான். இரண்டும் வேறு வேறு வேர்கள், ஒலி மட்டும் தற்செயலாக ஒன்றாகிவிட்டது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் பழைய காலத்தில் நல்ல பொருள், அப்புறம் காலப்போக்கில் கெட்ட பொருள் என்று நேர்கோடு போட முடியாது. 696-ஆம் குறளில் ‘வெறுப்பில வேண்டுப வேட்பச் சொலல்’ என்று அதே வள்ளுவர் எழுதுகிறார். அரசனுக்குப் பிடிக்காததைத் தவிர்த்துச் சொல் என்று அர்த்தம். ஆக, ஒரே புத்தகத்தில் வெறுப்பு என்றால் பிடிக்காமை, வெறுக்கை என்றால் செல்வம். கேட்டவர்களுக்குக் குழப்பம் இல்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே தெருவில் குடியிருந்து, தபால்காரர் சரியாகக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு தபால்காரர் மாறிவிட்டார். வெறுப்பு என்ற சொல் பேச்சில் நாளுக்கு நூறு தடவை புழங்கியது, வெறுங்கை என்ற சொல்லும் அப்படித்தான். நடுவில் மாட்டிய வெறுக்கை பேச்சிலிருந்து விலகிச் செய்யுளுக்குள் போனது, செய்யுளிலிருந்து அகராதிக்குப் போனது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் மிகுதி, செல்வம், வெறுப்பு எல்லாம் ஒரே தலைச்சொல்லின்கீழ் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, ரயில் பெட்டியில் முகம் பார்க்காமல் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் பங்காளிகள் மாதிரி. குப்பைக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். குப்பை என்றால் குவியல். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்று ஊரே இருக்கிறது. இன்று நெல்லைப் பக்கத்தில் வைத்துக் குப்பை என்று சொன்னால் விவசாயி அடிக்க வருவார்.

பெயர் வைப்பதில் பார்த்தால் வித்தியாசம் பட்டவர்த்தனம். எங்கள் தெருவிலேயே செல்வம் மூன்று பேர், செல்வி நாலு பேர், செல்வராஜ் இரண்டு. திருவில் தொடங்கும் பெயர்களை எண்ணி மாளாது. வெறுக்கை என்று பெயர் வைத்த ஒரு குடும்பத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பெருஞ்செல்வத்தைப் பேச்சுத்தமிழ் எப்படிச் சொல்கிறது என்று கொஞ்ச நாள் காது கொடுத்துக் கேட்டேன். பசையுள்ள ஆளு. பெரிய இடம். கொட்டிக் கிடக்கு. பணத்துல புரளுறான். மூணு தலைமுறைக்கு உட்கார்ந்து திங்கலாம். எதிலும் ஒரு கிள்ளு இருக்கிறது. பணக்காரரைச் சொல்லும்போது நம் வாய் நேராக இருப்பதில்லை, ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. வெறுக்கை என்ற சொல் போய்விட்டாலும், செல்வத்தைச் சொல்லும்போது கொஞ்சம் வெறுப்பையும் சேர்த்துச் சொல்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆனால் நக்கீரர் சொன்ன அந்த இன்னொரு பொருள், ஆளையே செல்வமாகச் சொல்வது, அது சாகவில்லை. “எனக்குன்னு என்ன இருக்கு, இந்த ரெண்டு பிள்ளைங்கதான் என் சொத்து” என்று எங்கள் பக்கத்து வீட்டு அத்தை சொல்வார். கணவர் இல்லை, வீடு வாடகை, காலையில் இட்லிக் கடை. அவர் சொத்து என்று சொல்லும் தொனியைக் கேட்டால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே வெறுக்கையை வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் அத்தை என்னைத் துடைப்பத்தோடு துரத்துவார் என்பதால் வைக்கவில்லை.

கைப்பேசியில் இந்தக் கட்டுரையைத் தட்டும்போது வெறுக் என்று அடித்தாலே அது ‘வெறுக்கிறேன்’ என்று முடித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டு எழுத்தெழுத்தாகப் போட வேண்டியிருந்தது. 1997-இல் நான் செய்ததைத்தான் இதுவும் செய்கிறது. அதனிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அன்று ஒட்டிய பிரதிகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. பெரியவரே கொடுத்தார், கையெழுத்துப் போட்டு. நேற்று இதை எழுதுவதற்காகப் பரணிலிருந்து இறக்கினேன். மைதா பசை என்றால் பூச்சிக்கு விருந்து. சீட்டின் நடுவில் தின்றிருக்கிறது. ‘மாணவர்’ அப்படியே இருக்கிறது. அடுத்த சொல்லில் ‘வெறு’ இருந்த இடம் ஓட்டை, அதன் வழியாகக் கீழே நான் திருத்திப்போட்ட ‘நம்பி’ எட்டிப் பார்க்கிறது. மிச்சமிருக்கிற ‘க்கை’ இரண்டு சொல்லுக்கும் பொது. ஒரு சீட்டு புதிதாக அடித்து ஒட்ட வேண்டும். இந்தத் தடவை ஃபெவிகால்.